4கே டிவி வாங்கியும் படம் தெளிவாக இல்லையே, ஏன்? – வாசகர் கேள்வி பதில்

வீட்டில் படம் பார்ப்பது, ஓடிடி, நெட் வேகம் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மனக்குறைதான். கடன் வாங்கியாவது நல்ல டிவி வாங்கியிருக்கிறார்கள், மாதாமாதம் ஓடிடிக்கும் நெட்டுக்கும் கட்டுகிறார்கள், ஆனால் கடையில் பார்த்த அந்தப் படம் வீட்டுக்கு வரவில்லை. எனவே முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், மற்ற பதில்கள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன.

கேள்வி: 55 அங்குல 4கே டிவி வாங்கினேன். ஃபைபர் இணைப்பு 100 எம்பிபிஎஸ். நண்பர் வீட்டில் ப்ளூரே டிஸ்க்கில் பார்த்த அதே படம் என் வீட்டில் ஓடிடியில் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. இருட்டுக் காட்சிகளில் சுவர், வானம் எல்லாம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. டிவியில் பழுதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: டிவியில் பழுது இல்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். 4கே என்று பெட்டியில் எழுதியிருப்பது புள்ளிகளின் எண்ணிக்கை. குறுக்கே 3,840, நெடுக்கே 2,160, மொத்தம் சுமார் 83 லட்சம் புள்ளிகள். ஆனால் அந்தப் புள்ளிகளை நிரப்ப ஒவ்வொரு விநாடியும் எவ்வளவு தகவல் வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு, அதற்குப் பெயர் பிட்ரேட். படம் அழகாக இருப்பதும் சப்பென்று இருப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கில்தான் முடிவாகிறது, அதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை, எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விநாடிக்கு 24 படங்கள் ஓடும் ஒரு 4கே சினிமாவைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால், நிறத் தகவலை வழக்கம்போல் கால் பங்காக்கிய பிறகும்கூட, ஏறக்குறைய 3,000 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 3,000 மெகாபிட் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே படங்களுக்குக் கேட்கும் இணைப்பு வேகம் 15 எம்பிபிஎஸ். அதாவது இருநூறு பங்கில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் படம் உங்கள் வீட்டுக்கு வருகிறது. இது உண்மையிலேயே பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 4கே ப்ளூரே டிஸ்க்கில் உச்சமாக 128 எம்பிபிஎஸ் வரை போகலாம், சாதாரணமாகவே 50 முதல் 80 வரை ஓடும். நண்பர் வீட்டில் நீங்கள் பார்த்த வித்தியாசம் இதுதான். இரண்டு வீட்டிலும் புள்ளிகள் ஒன்றே, நிரப்பும் சரக்கு மட்டும் நாலைந்து மடங்கு வேறு.

சுருக்கும் மென்பொருள் எதைத் தூக்கி எறிகிறது என்றால், கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அது நினைப்பதை. முகம் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் ஒரு குறையும் தெரியாது. மழை, புகை, கடல் அலை, தேர்த் திருவிழாக் கூட்டம், வயலில் ஆடும் நெற்கதிர் என்று ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக அசைகிற காட்சி வந்தால் திணறிவிடும். இருட்டும் அப்படித்தான். கறுப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும் சுவரில் மென்மையான படிகள் நிறைய இருக்க வேண்டும், அவற்றை மிச்சம் பிடிக்க நாலைந்து பட்டைகளாக ஆக்கிவிடுகிறது. 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் அதிக வீச்சில் காட்டும் முறை) படத்தில் உள்ள 10 பிட்டில் 1,024 படிகள். எனவே ஒரே படம் எச்டிஆரிலும் கிடைக்கிறது என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் எச்டியிலிருந்து 4கேக்குப் போனதை விட எச்டிஆர் வந்ததுதான் கண்ணுக்குப் பெரிய மாற்றம்.

நீங்கள் செய்யக்கூடியது மூன்று. நீங்கள் எடுத்திருக்கும் ஓடிடி திட்டத்தில் 4கே உண்டா என்று பாருங்கள், பல திட்டங்களில் கிடையாது. டிவி செட்டிங்கில் பிக்சர் மோடை ‘ஃபிலிம் மேக்கர்’ அல்லது ‘சினிமா’ என்று வையுங்கள். ஷார்ப்னெஸ்ஸை நன்றாகக் குறைத்துவிடுங்கள், ஏனெனில் கடையில் பளிச்சென்று தெரிவதற்காக ஏற்றி வைத்திருக்கும் ஷார்ப்னெஸ், சுருக்கத்தில் வந்த அழுக்கையும் சேர்த்துத்தான் கூர்மையாக்கும்.

கேள்வி: இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் 8கே டிவி விலை குறையுமாம். பொறுக்கலாமா?
– கோவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: பொறுக்க வேண்டாம். ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே எத்தனை அடி என்று முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நல்ல பார்வை உள்ள கண் பிரித்தறியும் அளவு ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதை வைத்துப் பார்த்தால், 55 அங்குல டிவியில் ஃபுல் எச்டி படத்தின் புள்ளிகள் 7 அடி தூரத்திலேயே கண்ணுக்கு ஒன்றாகக் கலந்துவிடும். அதைவிட நெருங்கி உட்கார்ந்தால்தான் 4கேயின் கூடுதல் புள்ளிகளுக்கு வேலை. 4கே புள்ளிகளும் போதாமல் 8கே வேண்டுமென்றால் மூன்றரை அடிக்குள் உட்கார வேண்டும். யாராவது அப்படி உட்கார்ந்து படம் பார்ப்பார்களா?

பார்க்கப் படமும் வேண்டுமே. ஜப்பானில் என்எச்கே நிறுவனம் 2018 டிசம்பர் 1 அன்று 8கே சேனலைச் செயற்கைக்கோள் வழியாகத் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கையும் அதில் காட்டியது. அதைவிட்டால் ஒழுங்கான 8கே ஒளிபரப்பு உலகத்தில் மிகவும் அரிது. சினிமாக்காரர்களே நிறையப் படங்களை 2கேயில் (ஏறக்குறைய ஃபுல் எச்டி அளவில்) முடித்து, அதைத்தான் 4கேக்குப் பெரிதாக்கித் தருகிறார்கள். அந்தப் பணத்தில் நல்ல எச்டிஆர் உள்ள 4கே டிவியும், ஒரு சுமாரான சவுண்ட்பாரும் வாங்குங்கள். வசனம் தெளிவாகக் கேட்டாலே பாதிச் சந்தோஷம்.

கேள்வி: ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 100 காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கேபிள்காரரைக் கேட்டால் ‘லைன் நல்லாதான் இருக்கு’ என்கிறார். யார் சொல்வது பொய்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் உங்களுக்கு மட்டுமானது அல்ல. தெருவுக்கு வரும் ஒரே இழை, கம்பத்திலோ பெட்டியிலோ உள்ள ஸ்பிளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. இப்போது பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் அந்த ஒரு இழையின் மொத்த வேகம் கீழ்நோக்கி சுமார் 2,500 எம்பிபிஎஸ். 64 வீடும் ஒரே நேரத்தில் முழு வேகத்தைக் கேட்டால் ஆளுக்கு 39 எம்பிபிஎஸ்தான் தேறும். அப்படி எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் உலகம் முழுக்க இந்தத் தொழில் நடக்கிறது, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. 39 இருந்தாலும் இரண்டு 4கே படம் தாராளமாக ஓடும். பெரும்பாலும் நெரிசல் அதற்கும் மேலே இருக்கிறது. உங்கள் ஊர் ஆபரேட்டர் மேலிடத்தில் வாங்கி வைத்திருக்கும் மொத்த அளவு எவ்வளவு, அதை எத்தனை வீடுகளுக்குப் பிரித்திருக்கிறார் என்பதில்தான் விஷயம்.

ஸ்பீடு டெஸ்ட் ஏன் 100 காட்டுகிறது? அந்தச் சோதனை பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும், சில சமயம் உங்கள் ஆபரேட்டரின் வளாகத்திலேயே இருக்கும் சர்வரோடு நடக்கிறது. தெரு முனை வரை சாலை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது போல. நெடுஞ்சாலை எப்படி என்று தெரிய வேண்டுமானால், இரவு ஒன்பது மணிக்கு ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் சோதியுங்கள். அது நெட்ஃபிளிக்ஸ் நடத்துவது, அவர்களின் வீடியோ வரும் சர்வர்களிலிருந்தே அளக்கிறது. அதில் எண் சரிந்தால் படமெடுத்து ஆபரேட்டரிடம் காட்டுங்கள். நேரம், தேதியோடு நாலு நாள் காட்டினால் பேச்சு மாறும்.

அதற்கு முன் வீட்டுக்குள்ளே ஒருமுறை பாருங்கள், ஏனெனில் எனக்கு வந்த புகார்களில் பாதி வைஃபையோடு முடிந்துவிடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் மூன்றே மூன்றுதான், 1, 6, 11. ஒரு அடுக்குமாடியில் இருபது ரவுட்டர்கள் இருந்தால் இருபதும் இந்த மூன்றில்தான் நெருக்கியடிக்க வேண்டும், அதுவும் எல்லாரும் வீட்டில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு. டிவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். கான்கிரீட் சுவர் இரண்டு இடையில் இருந்தால் அதுவும் திணறும். எங்கள் வீட்டில் இதே தொல்லை ஒன்றரை வருடம் இருந்தது, கம்பெனிக்காரர் மூன்று முறை வந்து பெட்டியை மாற்றிப் பார்த்தார், கடைசியில் சுவர் ஓரமாக லேன் கேபிள் இழுத்த அன்றோடு தீர்ந்தது. பெரும்பாலான டிவிகளில் உள்ள லேன் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ்தான், ஸ்ட்ரீமிங்குக்கு அது போதும்.

வருங்காலத்தைப் பற்றி ஒரு நல்ல சேதியும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள்ளும் கம்பத்திலும் போட்ட கண்ணாடி இழையை மாற்றவே தேவையில்லை. இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளை மட்டும் மாற்றினால் அதே இழையில் 10,000 எம்பிபிஎஸ் ஓடும், எக்ஸ்ஜிஎஸ்பான் என்று அதற்குப் பெயர். பழைய முறையும் புதிய முறையும் வேறு வேறு நிற ஒளியைப் பயன்படுத்துவதால் ஒரே இழையில் இரண்டும் சேர்ந்தே போகலாம். செலவில் பெரும்பங்கு குழி தோண்டி இழை போடுவதில்தான், அது பல ஊர்களில் முடிந்துவிட்டது.

கேள்வி: எச்டி உள்ள திட்டத்துக்குத்தான் பணம் கட்டுகிறேன். புதிய போனில் படம் மங்கலாகவே ஓடுகிறது. நெட் நன்றாக இருக்கிறது.
– சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பதில்: ஆண்ட்ராய்டு போனில் ஓடிடி படங்களைக் காக்கும் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர், அதில் எல்1, எல்3 என்று படிகள் உண்டு. போனுக்கு எல்1 சான்று இல்லாவிட்டால் பல தளங்கள் 480பிக்கு மேல் தராது, எவ்வளவு பணம் கட்டினாலும் சரி. ‘டிஆர்எம் இன்ஃபோ’ என்று தேடினால் கிடைக்கும் செயலியில் உங்கள் போன் எந்தப் படி என்று பார்த்துவிடலாம். வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது இது, கடையில் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கேள்வி: கிரிக்கெட் மேட்ச் ஓடிடியில் பார்க்கிறோம். கேபிள் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் கத்தி முடித்த பிறகுதான் எங்கள் டிவியில் விக்கெட் விழுகிறது. நேரலை என்றுதானே சொல்கிறார்கள்?
– ஒரு குடும்பத்தார், திருச்சி

பதில்: ஓடிடியில் நேரலை என்பது ஓடும் தண்ணீர் மாதிரி வருவதில்லை, குடம் குடமாக வருகிறது. வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி ஒவ்வொன்றாக அனுப்புகிறார்கள். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறைதான் இன்றைக்கும் பரவலாக இருக்கிறது, அதில் துண்டின் நீளம் 6 விநாடி என்பது பரிந்துரை. உங்கள் டிவி இரண்டு மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும், நடுவில் நெட் தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாதே. அதிலேயே 18 விநாடி வரை போய்விடுகிறது. அப்புறம் சுருக்குவதற்கும் ஊர் ஊராக அனுப்புவதற்கும் கொஞ்சம். துண்டைச் சின்னதாக்கினால் தாமதம் குறையும், படம் நிற்கும் ஆபத்து கூடும். இந்த இழுபறியைச் சரிசெய்யும் வழிகள் வந்துகொண்டிருக்கின்றன, ஆனால் கோடிக்கணக்கானோர் பார்க்கும் மேட்சில் யாரும் துணிந்து கைவைப்பதில்லை.

கோடி என்று சொன்னது பேச்சுக்கு அல்ல. 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆளுக்கு 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால்கூட மொத்தம் 29.5 கோடி எம்பிபிஎஸ். எல்லாருக்கும் 4கே என்றால் அது மூன்று மடங்கு. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்டி சேனலுக்கோ பார்ப்பவர் ஒருவரானாலும் பத்துக் கோடியானாலும் ஒரே ஒரு அலை போதும், மொட்டைமாடிக் குடையை விரித்தவர் எல்லாரும் அதே மழையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இணையத்தில் ஆளாளுக்கு ஒரு தனிப் பிரதி அனுப்ப வேண்டியிருக்கிறது. இதனால்தான் எனக்கு ஒரு கருத்து உண்டு. கோடிப் பேர் ஒரே நொடியில் பார்ப்பதை ஒளிபரப்பிலும், அவரவர் விருப்ப நேரத்தில் பார்ப்பதை ஸ்ட்ரீமிங்கிலும் தருவதுதான் முறை. செல்போனுக்கே நேராக ஒளிபரப்பும் டி2எம் சோதனைகளை ஐஐடி கான்பூரும் பெங்களூரின் சாங்கியா லேப்ஸும் செய்ததும் இந்தக் காரணத்தால்தான்.

அதுவரை, மேட்ச் அன்றைக்கு மட்டும் கேபிளோ டிடிஎச்சோ வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் சில விநாடித் தாமதம் உண்டு, ஆனால் தெருவோடு சேர்ந்து கத்தலாம்.

கேள்வி: டிவி விளம்பரத்தில் ‘ஏவி1 உண்டு’ என்று போட்டிருந்தது. அது இல்லாத டிவி வாங்கினால் பின்னால் சிக்கலா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003இல் எச்.264, 2013இல் எச்இவிசி, 2018இல் ஏவி1, 2020இல் விவிசி. தலைமுறைக்குத் தலைமுறை அதே தரத்துக்கு ஏறக்குறைய பாதி இடம் போதும் என்பது கணக்கு. எச்இவிசி நல்ல முறைதான், ஆனால் காப்புரிமை வைத்திருப்பவர்கள் பல குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கொரு கட்டணம் கேட்டார்கள். அந்தத் தலைவலி வேண்டாம் என்று கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மோசில்லா முதலானோர் 2015இல் ஒன்றுகூடிக் கட்டணமில்லாத ஏவி1ஐ உருவாக்கினார்கள். யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் அதை நன்றாகவே பயன்படுத்துகின்றன. கோடெக்கை விரிக்கும் சிப் டிவிக்குள்ளேயே இருப்பதால் பின்னால் அப்டேட் போட்டுச் சேர்க்க முடியாது. இப்போது வாங்குவதாக இருந்தால் ஏவி1 உள்ளதாகவே வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் கவலை இல்லை, சின்ன ஸ்ட்ரீமிங் பெட்டியோ ஸ்டிக்கோ செருகினால் போதும்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். கோடெக் பாதி இடம் மிச்சம் பிடித்துத் தந்தால், அந்த மிச்சத்தைப் படத்தின் தரத்தில் போடுவதா, செலவைக் குறைப்பதா என்பதை முடிவு செய்வது நிறுவனம். இதுவரை பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது. 15 எம்பிபிஎஸ்ஸில் இன்னும் நல்ல படம் தாருங்கள் என்று பார்வையாளர்கள் கேட்டால்தான் இது மாறும்.

கேள்வி: மாதம் 3,300 ஜிபிக்கு மேல் போனால் வேகம் குறையும் என்று திட்டத்தில் போட்டிருக்கிறது. 4கே பார்த்தால் தீர்ந்துவிடுமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தீராது. 15 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி. தினமும் 16 மணி நேரம் மாதம் முழுக்கப் பார்த்தால்தான் அந்த வரம்பைத் தொடுவீர்கள். செல்போனில் தினம் 2 ஜிபி திட்டம் என்றால் மட்டும் கவனம், 4கேயில் அது 18 நிமிடம்கூடத் தாங்காது.

கேள்வி: 1994இல் நடந்த எங்கள் கல்யாண வீடியோ கேசட் இரண்டு இருக்கிறது. கடையில் கொடுத்தால் டிவிடியாக்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் ஏஐ வைத்து 4கேயாகவே மாற்றித் தருகிறாராம். எதை நம்புவது? அதில் என் அப்பா இருக்கிறார்.
– காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுதினேன். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். விஎச்எஸ் கேசட் 1976இல் ஜப்பானின் ஜேவிசி கொண்டுவந்தது, உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. டேப்பை விட டேப்பை ஓட்டும் இயந்திரமும் அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகளும்தான் வேகமாக மறைகின்றன.

முதலில் கேசட்டைத் திறந்து ரீலைப் பாருங்கள். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பூஞ்சை இருந்தால் எக்காரணம் கொண்டும் பிளேயரில் போடாதீர்கள். டேப் கிழியும், பிளேயரின் ஹெட்டும் போகும். எங்கள் வீட்டுக் கேசட் ஒன்று அப்படித்தான் போனது. அவசரப்பட்டுப் போட்டோம், பாட்டி ஆரத்தி எடுக்கும் பகுதி திரும்பி வரவே இல்லை. பூஞ்சையைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு அப்புறம்தான் மற்றது.

டிவிடி வேண்டாம் என்பேன். மூன்று மணி நேரக் கேசட்டை 4.7 ஜிபி டிவிடிக்குள் அடைத்தால் விநாடிக்கு மூன்றரை எம்பிபிஎஸ் கூட வராது, அதுவும் பழைய எம்பெக்2 முறையில். டேப்பில் மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சமும் அந்தச் சுருக்கத்தில் போய்விடும். எழுதக்கூடிய டிவிடிகள் சில வருடங்களிலேயே படிக்க முடியாமல் போவதும் உண்டு. கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: ‘DV (டிஜிட்டல் வீடியோ) ஃபார்மட்டிலோ சுருக்கமில்லாமலோ ஃபைலாக எடுத்து ஹார்டு டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள், 720க்கு 576, இன்டர்லேஸ்டு அப்படியே இருக்கட்டும்.’ இந்த ஒரு வரியைச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். DV ஃபார்மட்டில் மணிக்கு 13 ஜிபி வரும், இன்றைய ஹார்டு டிஸ்க்கில் அது ஒன்றுமே இல்லை. முடிந்தால் டிபிசி என்ற கருவி வைத்திருப்பவரிடம் கொடுங்கள், பழைய டேப்பில் படம் நெளிவதையும் நடுங்குவதையும் அதுதான் நிறுத்தும்.

ஏஐ 4கேயைப் பற்றி. விஎச்எஸ்ஸில் குறுக்கே பிரித்தறியக்கூடிய கோடுகள் சுமார் 240தான். பத்தடி தள்ளி நிற்கும் ஒருவருடைய முகம் அந்த டேப்பில் சில பத்துப் புள்ளிகளாகத்தான் பதிவாகியிருக்கும். மீதியை ஏஐ எங்கிருந்து எடுக்கும்? ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் பார்த்துப் பழகிய பழக்கத்தில் ஒரு கண்ணையும் மூக்கையும் தானே வரைந்து வைக்கும். பளிச்சென்று இருக்கும், ஆனால் அது உங்கள் அப்பா அல்ல. முதலில் உள்ளது உள்ளபடி எடுத்து மூன்று பிரதி வையுங்கள், இரண்டு வேறு வேறு டிஸ்க்கில் வீட்டில், ஒன்று வெளியூரில் தம்பியோ மகளோ யார் வீட்டிலாவது. அதற்குப் பிறகு ஆசைக்கு ஏஐயில் ஒன்று செய்து பாருங்கள், தவறில்லை. மூலம் பத்திரமாக இருக்கும் வரை எதையும் செய்து பார்க்கலாம். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள், நட்டமாக நிறுத்தி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: ஓடிடியில் எல்லாம் கிடைக்கும்போது டிஸ்க் சேர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்கிறான் மகன். என்னிடம் முந்நூறு டிவிடிக்கு மேல் இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலம்

பதில்: உங்கள் மகனிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் ஐயா. டிஸ்க் வியாபாரம் படுத்துவிட்டது உண்மைதான். மோசர்பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் போட்டுத் தமிழ்ப் படங்களை வீடு வீடாகக் கொண்டுவந்தது நினைவிருக்கும், 2018இல் அது கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஓப்போ ப்ளூரே பிளேயர்களை நிறுத்தியது, அப்புறம் சாம்சங்கும் விலகியது. டிவிடியைத் தபாலில் அனுப்பியே வளர்ந்த நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர் 29 அன்று கடைசி டிஸ்க்கை அனுப்பியது.

ஆனால் ஓடிடியில் இருப்பது உங்களுடையது அல்ல. உரிமம் முடிந்தால் படம் போய்விடும், பணம் கொடுத்து ‘வாங்கிய’ படமும்கூட. 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனில் விலைக்கு வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது, பெரிய எதிர்ப்பு வந்து உரிமத்தை நீட்டித்த பிறகுதான் தப்பின. கலிஃபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டமே இருக்கிறது: விற்பது பொருள் அல்ல, திரும்பப் பெறக்கூடிய உரிமம்தான் என்றால் அதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று போடக் கூடாது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம். முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வந்தது, இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. 35 மி.மீ. நெகட்டிவ் பத்திரமாக இருந்தால் அதிலிருந்து 4கே தரத்தில் ஸ்கேன் எடுக்கலாம், ஐம்பது வருடப் பழைய படமும் கண்ணைப் பறிக்கும். நெகட்டிவ் போய்விட்ட படங்களுக்கு மிஞ்சியிருப்பது யாரோ ஒருவர் அலமாரியில் வைத்திருக்கும் விசிடியாகவோ கேசட்டாகவோ இருக்கலாம். உங்கள் முந்நூறில் எவை எந்த ஓடிடியிலும் இல்லை என்று ஒரு பட்டியல் போடுங்கள். அவற்றை முதலில் ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: நாங்கள் போர்ட் பிளேயரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறோம். கடலடிக் கேபிள் வந்த பிறகு நெட் நன்றாகிவிட்டது. தீவு முழுக்க எல்லாரும் 4கே பார்க்க ஆரம்பித்தால் தாங்குமா?
– ஒரு தமிழ்க் குடும்பம், அந்தமான்

பதில்: சென்னையிலிருந்து உங்கள் ஊருக்கும் மற்ற தீவுகளுக்கும் வரும் அந்தக் கேபிள் மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் எல்லாமே செயற்கைக்கோளை நம்பித்தான், ஒரு புகைப்படம் அனுப்பக் காத்திருந்த கதையை அங்கே இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சென்னைக்கும் போர்ட் பிளேயருக்கும் இடையில் அறிவித்த அளவு 200 ஜிபிபிஎஸ் வீதம் இரண்டு, அதாவது 4 லட்சம் எம்பிபிஎஸ். ஒரு வீட்டுக்கு 15 என்று வகுத்தால் ஒரே நேரத்தில் 26,000க்கும் மேற்பட்ட வீடுகளில் 4கே ஓடும். வேறு எதுவுமே அந்தக் கேபிளில் போகவில்லை என்றால்.

நடைமுறையில் அந்த அளவு நெருக்கடி வராமல் தடுக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ், கூகுள் போன்றவர்கள் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களை நிரப்பிய பெட்டிகளை ஊர் ஊராக இணைய நிறுவனங்களின் வளாகத்துக்குள்ளேயே வைக்கிறார்கள். படம் ஒருமுறை கேபிளில் வந்து பெட்டியில் இறங்கிவிட்டால், அப்புறம் தீவில் ஆயிரம் பேர் பார்த்தாலும் கடலைத் தாண்ட வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுவதும் ஓடிடி நிறுவனங்கள் செல்போன் நெட்டில் ஏப்ரல் 14 வரை 480பிக்கு மேல் தருவதில்லை என்று முடிவெடுக்க வேண்டி வந்தது நினைவிருக்கிறதா? எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டில் உட்கார்ந்தால் நிலத்தில் இருப்பவர்களுக்கே அந்த நிலை. தீவுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் உள்ளூரில் இந்தப் பெட்டிகள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. உங்கள் இணைய நிறுவனத்திடம் ‘போர்ட் பிளேயரிலேயே கேஷ் சர்வர் வைத்திருக்கிறீர்களா’ என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தை எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.